நாயின் முட்டி எக்ஸ்ரேயில் என்ன தெரியும், என்ன தெரியாது

மீனு எங்கள் வீட்டு லாப்ரடார். அவளுக்கு நாலு வயது முடிந்த சமயம், படுத்து எழுந்தால் முதல் பத்தடிக்கு வலது பின்னங்காலைப் பட்டும் படாமலும்தான் ஊன்றுவாள், அப்புறம் நடக்க நடக்கச் சரியாகிவிடும். ஒரு கிளினிக்கில் காட்டினோம். மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பின்னங்கால்களையும் நீட்டிப் பிடித்து இடுப்புக்கு மட்டும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டு கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, பெரிய ஜாதி நாய்களுக்கு இது சகஜம் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம். நாலு மாதம் அப்படியே ஓடியது. பிறகு வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் மீனுவைத் தொடக்கூட இல்லை, உட்காரச் சொல்லிப் பார்த்தார். இடது காலை ஒழுங்காக மடக்கி, வலது காலை மட்டும் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "இது இடுப்பு இல்லைங்க, முட்டி" என்றார்.

இந்தத் தவறு எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இடுப்பு மூட்டுக் கோளாறுதான் நொண்டலுக்குக் காரணம் என்று முதலில் சொல்லப்பட்ட 369 நாய்களை அமெரிக்காவில் திரும்பப் பரிசோதித்தபோது, அவற்றில் 32 சதவீதத்துக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. மூன்றில் ஒன்று! பெரிய நாயின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தால் ஏதோ ஒரு குறை கண்ணில் படத்தான் செய்யும், அது பட்டதும் தேடல் அங்கேயே நின்றுபோகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாய் வளர்க்கிறவர்கள் டாக்டர் ஆக வேண்டியதில்லை, ஆனால் விளக்குப் பெட்டியில் மாட்டிய படத்தில் எதைப் பார்க்கிறார்கள், எதை அதில் பார்க்கவே முடியாது என்பதாவது தெரிந்திருந்தால் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

முதலில், முட்டி எங்கே இருக்கிறது? நிறையப் பேர் நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக வளைந்து நிற்கும் இடத்தைத்தான் முட்டி என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி, குதிகால் தரையில் படாமல் உயரத்தில் நிற்கிறது, அந்தக் குதிகால்தான் நம் கண்ணுக்குப் பின்பக்க முட்டி மாதிரித் தெரிகிறது. உண்மையான முட்டி அதற்கு மேலே, வயிற்றுத் தோல் தொடையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து இருக்கிறது. உங்கள் நாயை நிற்க வைத்து, பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு முட்டிகளையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக ஒரு சின்ன எலும்பு கையில் படும், அதுதான் சில்லு. அதிலிருந்து கீழே ஒரு தடித்த நாண் இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்புற முகட்டில் போய்ச் சேரும். நல்ல முட்டியில் அந்த நாணின் இரண்டு ஓரங்களும் பென்சிலைத் தடவுகிற மாதிரித் தெளிவாகப் படும். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது, கொழகொழவென்று இருக்கும். மீனுவின் வலது முட்டி அப்படித்தான் இருந்தது. நாலு மாதமும் அவளைத் தினம் தடவிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், இதைத் தடவிப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மூட்டுக்குள்ளே இரண்டு ஜவ்வுகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகின்றன. டாக்டர்கள் லிகமென்ட் என்பார்கள், நம் ஊரில் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். முன்பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினைக்குரியது. ஃபுட்பால் விளையாடுகிறவர்களுக்கு அறுந்துபோகும் ஏ.சி.எல். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே ஜவ்வுதான். ஆனால் விளையாட்டு வீரருக்கு ஒரு நொடியில் திரும்பும்போது படக்கென்று அறுகிறது, நாய்க்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. மாதக்கணக்கில், சில நேரம் அதற்கும் மேலாக, இழை இழையாக நைந்து வருகிறது. பந்து பொறுக்க ஓடியபோது "கீச்" என்று கத்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டான் என்று வீட்டுக்காரர் சொல்வது நிஜம்தான், ஆனால் அன்று அறுந்தது கடைசியாக மிச்சமிருந்த சில இழைகள்.

ஏன் நைகிறது என்று கேட்டால், பாதி விடை எலும்பின் வடிவத்தில் இருக்கிறது. நாம் நிற்கும்போது முட்டி நேராக இருக்கிறது. நாய் நிற்கும்போதே முட்டி மடங்கித்தான் இருக்கிறது, ஏறத்தாழ 135 டிகிரி. அதோடு, கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதி, அதாவது தொடை எலும்பு உட்காரும் மேடை, சமமாக இல்லாமல் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது.

வீட்டு வாசலில் வண்டி ஏற்றச் சிமெண்டில் சாய்தளம் போட்டிருப்போம் இல்லையா, அதில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் கேபிள்தான் ஜவ்வு. வண்டி தொடை எலும்பு, சாய்தளம் கீழ்க்கால் எலும்பின் மேடை. நாய் ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது, அதாவது கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதலை ஒவ்வொரு அடியிலும் தாங்கிப் பிடிப்பது அந்த ஒரு கேபிள். சாய்தளம் செங்குத்தாக இருந்தால் கேபிளுக்கு இழுப்பு அதிகம், வண்டியில் மூட்டை ஏற்றினால் இன்னும் அதிகம். கேபிள் பழசாகி உள்ளே இழைகள் பிரிந்திருந்தால் சாய்தளம் சாதாரணமாக இருந்தாலும் ஒரு நாள் விட்டுவிடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சரிவு, பாரம், கேபிளின் தரம். எக்ஸ்ரே நேராகக் காட்டுவது முதலாவதை மட்டும்.

ஜவ்வு படத்தில் விழாது

எக்ஸ்ரே படத்தில் காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, இது எல்லோருக்கும் தெரியும். நடுவில் இரண்டு சாம்பல் நிறங்கள் இருக்கின்றன. கொழுப்பு கருஞ்சாம்பல். தசை, நீர், ஜவ்வு, நாண், குருத்தெலும்பு எல்லாம் அதைவிடக் கொஞ்சம் வெளுத்த ஒரே சாம்பல். மூட்டு நீருக்குள் கிடக்கும் ஜவ்வு அந்த நீரின் நிறத்திலேயே இருப்பதால் படத்தில் அது தனியாகத் தெரிய வழியே இல்லை. "எக்ஸ்ரே எடுத்தோம், ஜவ்வு நன்றாக இருக்கிறதாம்" என்று யாராவது சொன்னால், நடுவில் எங்கேயோ பேச்சு மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஜவ்வையே பார்க்க வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. வேண்டும், அல்லது மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் எதற்கு எக்ஸ்ரே? ஜவ்வு விட்டுச் செல்லும் தடயங்கள் அதில் விழும். எனக்கு டாக்டர் காட்டியதிலேயே மனதில் பதிந்தது ஒரு சின்ன முக்கோணம். பக்கவாட்டில் எடுத்த முட்டிப் படத்தில், சில்லிலிருந்து இறங்கும் நாணுக்குப் பின்னால், மூட்டுக்கு முன்னால், ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. கொழுப்பு என்பதால் கருஞ்சாம்பல் நிறத்தில் தெளிவான முக்கோணமாகத் தெரியும். மூட்டுக்குள் வீக்கம் வந்து நீர் கூடினால் அந்த வெளிர் சாம்பல் முன்னோக்கி வந்து முக்கோணத்தை நசுக்கும். மீனுவின் இரண்டு முட்டிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது முட்டியில் முக்கோணம் அகலமாக, கூர்மையாக, விரல் வைத்துக் காட்டும்படி இருந்தது. வலதில் நாணை ஒட்டி மெல்லிய ஒரு கீற்றுதான் மிச்சம். வேறு எதையும் விளக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், நடுத்தர வயது லாப்ரடார் ஒன்று பின்னங்காலை நொண்டி, முட்டிப் படத்தில் இந்த முக்கோணம் நசுங்கியிருந்தால் முதல் சந்தேகம் இந்த ஜவ்வின் மேல்தான் விழும்.

அடுத்த தடயம் எலும்பு முட்கள். மூட்டு நிலையில்லாமல் ஆடும்போது உடம்பு ஓரங்களில் புது எலும்பைக் கட்டி அதை நிலைப்படுத்தப் பார்க்கிறது. சில்லின் கீழ் நுனி, சில்லு ஓடும் பள்ளத்தின் ஓரங்கள், மேடையின் விளிம்பு, தொடை எலும்புக்குப் பின்னால் பட்டாணி மாதிரி இருக்கும் இரண்டு குட்டி எலும்புகள், இங்கெல்லாம் சொரசொரப்பாக வெள்ளைத் துருத்தல்கள் வரும். இவை ஒரே நாளில் வளர்வதில்லை. "நேற்றுதான் விழுந்தான்" என்று கொண்டுவரும் நாயின் படத்தில் முட்கள் நன்றாக வளர்ந்திருந்தால் கதை நேற்றுத் தொடங்கவில்லை.

மூன்றாவது, எலும்புகள் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பது. ஜவ்வு முழுதாக அறுந்திருந்தால் கீழ்க்கால் எலும்பு முன்னால் நகர்ந்திருப்பது படத்திலேயே தெரியலாம். தெரியாவிட்டால், முட்டியை மடக்கிய நிலையில் வைத்து, பாதத்தை மேல் நோக்கி மடக்கி அழுத்திப் பிடித்து ஒரு படம் எடுப்பார்கள். அது நாய் காலை ஊன்றும்போது வரும் தள்ளுதலை மேஜையிலேயே உண்டாக்கிப் பார்ப்பது மாதிரி. கேபிள் பிடிக்கவில்லை என்றால் எலும்பு முன்னால் வழுக்கியிருப்பது அப்படியே படத்தில் பதிந்துவிடும்.

அந்தக் கோணம்

இப்போது சரிவுக்கு வருவோம். நாய் வளர்ப்பவர்கள் நடுவில் இந்த எண்ணைப் பற்றித்தான் அதிகம் பேச்சு நடக்கிறது, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மேடையின் சரிவுக் கோணத்தை டி.பி.ஏ. என்பார்கள்.

அளக்கிற முறை எளிது. நாயை மயக்கத்தில் பக்கவாட்டில் படுக்க வைத்து, முட்டியையும் கணுக்காலையும் 90 டிகிரிக்கு மடக்கி, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கிறார்கள். மேடையின் நடுவில் இரண்டு சிறிய முகடுகள் இருக்கும், அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து கணுக்கால் எலும்பின் மையத்துக்கு ஒரு கோடு. இது எலும்பின் அச்சு. மேடையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு இன்னொரு கோடு. இது சாய்தளம். அச்சுக்குச் செங்குத்தாக மூன்றாவது கோடு போட்டால், அதற்கும் சாய்தளத்துக்கும் இடையில் இருப்பதுதான் கோணம். பள்ளிக்கூடத்தில் பாகைமானி வைத்து அளந்தோமே, அதே கணக்கு, இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள்.

பெரும்பாலான நாய்களுக்கு இது 20 முதல் 25 டிகிரி சுற்றி வரும், அதற்கு மேலும் கீழும் உண்டு. 34 டிகிரியைத் தாண்டினால் மிக அதிகச் சரிவு என்று தனியாகப் பிரித்துச் சொல்வார்கள். மீனுவுக்கு 26 என்று வந்தது. கேட்டதும் எனக்கு ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே, இதே படத்தை என் உதவியாளரிடம் கொடுத்தால் 24 என்பார், நானே அடுத்த வாரம் அளந்தால் 27 என்பேன் என்றார். அது உண்மை. மேடையின் பின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை, அதுவும் அங்கே எலும்பு முள் வளர்ந்திருந்தால், ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் குறிப்பார்கள். அதைவிட முக்கியமாக, நாயைப் படுக்க வைத்த விதம் கோணத்தையே மாற்றிவிடும். தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. சரியான பக்கவாட்டுப் படத்தில் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி ஒரே குமிழாகத் தெரிய வேண்டும். இரண்டு தனித்தனி வளைவுகளாகத் தெரிந்தால் கால் திரும்பியிருக்கிறது, அந்தப் படத்தில் அளந்த கோணத்தை நம்ப முடியாது. யாராவது உங்களிடம் ஒரு எண்ணைச் சொன்னால், எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குமிழ்களைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்தச் சரிவை முக்கியமான விஷயமாக்கியவர் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பார்க்லே ஸ்லோகம் என்ற கால்நடை அறுவை மருத்துவர். அறுந்த ஜவ்வுக்குப் பதில் நூலோ நாணோ வைத்துக் கட்டுவதிலேயே எல்லோரும் முயன்றுகொண்டிருந்தபோது அவர் வேறு விதமாக யோசித்தார். கேபிளை மாற்றுவதற்குப் பதிலாகச் சாய்தளத்தையே சமமாக்கிவிட்டால் கேபிளே வேண்டாமே! கீழ்க்கால் எலும்பின் தலையை வட்டமான ரம்பத்தால் அறுத்து, கொஞ்சம் சுழற்றி, 5 டிகிரி வாக்கில் சரிவு மிஞ்சும்படி வைத்து, உலோகத் தகடும் திருகும் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். 1993இல் அவர் வெளியிட்ட இந்த முறைதான் டி.பி.எல்.ஓ. எத்தனை மில்லிமீட்டர் சுழற்ற வேண்டும் என்பது அறுவைக்கு முன் அளந்த கோணத்திலிருந்து வருவதால், அங்கே இந்த எண் கட்டாயம் தேவை.

ஆனால் அறுவைக்குத் தேவைப்படும் எண், ஜோசியத்துக்கு உதவுமா? இங்கேதான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். சரிவு அதிகமானால் ஜவ்வின் மேல் பாரம் அதிகம் என்பது இயந்திர விதிப்படி சரி. நோய் வந்த நாய்களுக்குச் சராசரிக் கோணம் அதிகம் என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. 2003இல் லாப்ரடார்களை மட்டும் எடுத்து, ஜவ்வு கிழிந்தவற்றையும் நல்லவற்றையும் ஒப்பிட்டபோது கோணத்தில் வித்தியாசமே இல்லை. 26 டிகிரி உள்ள நாய் பதினாலு வயது வரை ஓடியாடிவிட்டுப் போகும், 21 டிகிரி உள்ளது ஐந்து வயதில் நொண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாம் அளப்பது நாய் படுத்திருக்கும்போது, எலும்பின் அச்சை வைத்து. நாய் எழுந்து நிற்கும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் சாய்ந்து நிற்பதால் மேடை ஏறக்குறையத் தரைக்கு இணையாக வந்துவிடுகிறது. கிரேஹவுண்டையும் லாப்ரடாரையும் நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேக்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது எலும்பின் வடிவம் ஒரு பக்கம், அந்த எலும்பை நாய் எப்படிப் பிடித்து நிற்கிறது என்பது இன்னொரு பக்கம்.

குட்டி வாங்கப் போகும் இடத்தில் "தாய் தகப்பனுக்கு டி.பி.ஏ. எடுத்திருக்கிறோம், 22 தான், ஜவ்வுப் பிரச்சினையே வராது" என்று சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இடுப்புக்கு அமெரிக்காவில் 1966இலிருந்து ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு எக்ஸ்ரே பார்த்துத் தரம் போட்டுச் சான்று கொடுக்கிறது. முட்டி ஜவ்வுக்கு எக்ஸ்ரே கோணத்தை வைத்து அப்படி ஒரு சான்று கொடுக்க முடியாது. தாய், தகப்பன், கூடப் பிறந்தவற்றில் எத்தனைக்கு முட்டி அறுவை நடந்தது என்று கேளுங்கள், அது கோணத்தைவிடப் பயனுள்ள கேள்வி. நியூஃபவுண்ட்லாந்து ஜாதியில் செய்த ஆய்வில், இந்த நோய் வருவதில் ஏறக்குறைய 27 சதவீத வேறுபாட்டுக்கு மரபணு காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேபிளின் தரத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. ராட்வைலர், லாப்ரடார், மாஸ்டிஃப், ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் எல்லாம் இந்த நோய் அதிகம் வரும் ஜாதிகள். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கிரேஹவுண்டுக்கு இது அபூர்வம்.

ஆறு மாதக் குட்டிக்குக் கோணம் அளந்து பயப்படுவதும் வேண்டாம். எலும்பு வளரும் தட்டுகள் மூடாத வரை மேடையின் வடிவம் முடிவாகவில்லை. பெரிய ஜாதிகளில் அது மூடவே ஒரு வயது ஆகிவிடும். குட்டியில் அந்தத் தட்டின் பின்பகுதி அடிபட்டு முன்பகுதி மட்டும் வளர்ந்தால்தான் சரிவு ஏறிக்கொண்டே போகும், அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் மட்டும் வளரும்போதே படம் எடுத்துத் தொடர்ந்து பார்ப்பார்கள்.

பக்கவாட்டுப் படம் போக, முன்பக்கமிருந்து ஒன்று எடுப்பார்கள். தொடை எலும்பு வில் மாதிரி வளைந்திருக்கிறதா, கீழ்க்கால் எலும்பு முறுக்கியிருக்கிறதா, சில்லு பள்ளத்தின் நடுவில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்குச் சில்லு உள்பக்கமாக நழுவுவது அதிகம், நழுவும் சில்லு கீழ்க்கால் எலும்பை உள்பக்கம் திருப்பி முன் ஜவ்வுக்கும் வேலை வைக்கிறது. ஆனால் முன்பக்கப் படம் பக்கவாட்டுப் படத்தைவிட எளிதில் ஏமாற்றும். தொடை எலும்பு எக்ஸ்ரே தட்டுக்கு இணையாக இல்லாமல் கொஞ்சம் தூக்கியிருந்தாலும் நேரான எலும்பு வளைந்த மாதிரித் தெரியும். நிஜமாகவே வளைவைத் திருத்த வேண்டி வந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பது நல்லது.

முன்கூட்டியே சொல்லும் படம் எது

ஒரு முட்டியில் ஜவ்வு கிழிந்த நாய்க்கு மற்ற முட்டியிலும் கிழிவது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. லாப்ரடார்களில் பார்த்த ஓர் ஆய்வில் 48 சதவீதம். அந்த இன்னொரு முட்டியைப் பற்றி எக்ஸ்ரே ஏதாவது சொல்லுமா என்று பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை, சரிவுக் கோணத்தைவிட அந்தச் சின்ன முக்கோணம் நன்றாகச் சொல்கிறது என்பதுதான். நொண்டாத காலின் முட்டியிலும் நீர் கோத்திருந்தால், முட்கள் தொடங்கியிருந்தால், அந்த ஜவ்வு ஏற்கனவே நையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அது பின்னால் அறுவதற்கான வாய்ப்பும் கூடுகிறது. அதனால் ஒரு காலுக்குப் படம் எடுக்கும்போதே மற்ற காலுக்கும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதே மயக்கத்திலேயே முடிந்துவிடும், ஒப்பிட்டுப் பார்க்கவும் உங்கள் நாயின் நல்ல முட்டியே கையில் இருக்கும்.

மயக்க மருந்து என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். விழித்திருக்கும் நாய் வலியில் தசையை இறுக்கிக்கொள்ளும், அந்த இறுக்கம் போதும், அறுந்த ஜவ்வு உள்ள மூட்டையும் அசையாமல் பிடித்துவிடும். குமிழ்கள் பொருந்தும்படி படுக்க வைக்கவும் முடியாது. ஆட்கள் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் மேலும் கதிர் படும். மயக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் கையால் எலும்பை முன்பின் ஆட்டியும் பார்த்துக்கொள்வார், சில நேரம் படத்தைவிட அது தெளிவான விடை தரும். படம் எடுத்து முடிந்ததும் அசல் கோப்பை பென்டிரைவில் வாங்கி வையுங்கள். திரையை போனில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் வேறு டாக்டருக்கு அனுப்பினால் கருஞ்சாம்பலுக்கும் வெளிர் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே போய்விடும், கோணமும் சாய்ந்துவிடும்.

சரிவை நாம் மாற்ற முடியாது, அறுவை தவிர. கேபிளின் தரம் பிறப்போடு வந்தது. நம் கையில் இருப்பது பாரம். மீனு அப்போது 37 கிலோ. லாப்ரடார் பெண் நாய்க்கு அது அதிகம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, பார்க்கிறவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று கொஞ்சிவிட்டுப் போனார்கள். விலாவில் கை வைத்தால் அழுத்தாமலே எலும்புகள் விரலில் பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான் அளவுகோல். கருத்தடை செய்யும் வயதும் கணக்கில் வரும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 759 கோல்டன் ரெட்ரீவர்களின் பதிவுகளை எடுத்து 2013இல் வெளியிட்டதில், கருத்தடை செய்யாதவற்றில் ஒன்றுக்குக்கூட இந்த ஜவ்வு கிழியவில்லை, ஒரு வயதுக்கு முன் செய்தவற்றில் ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 8 சதவீதம். கருத்தடையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உயிரையே வாங்கும். பெரிய ஜாதி என்றால் எந்த வயதில் செய்வது என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மீனுவுக்கு டி.பி.எல்.ஓ. செய்தோம். திறந்து பார்த்தபோது ஜவ்வில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமிருந்தது, உள்பக்க மெனிஸ்கஸும், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் குருத்தெலும்பு மெத்தையும், ஓரத்தில் கிழிந்திருந்தது. நாலு மாதம் முன்பே முட்டியைப் பார்த்திருந்தால் அந்த மெத்தையாவது தப்பியிருக்கலாம். எட்டு வாரம் கழித்து எலும்பு கூடியிருக்கிறதா என்று படம் எடுத்தார்கள், 26 இருந்த இடத்தில் 5 டிகிரி, ரம்பம் போன கோடு மங்கலாகி மறைந்துகொண்டிருந்தது. இப்போது 29 கிலோ. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடது முட்டிக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து முந்தையதோடு வைத்துப் பார்க்கிறோம். போன முறை பார்த்தபோது முக்கோணத்தின் பின் ஓரம் முன்பைவிடக் கொஞ்சம் மழுங்கின மாதிரி எனக்குப் பட்டது. டாக்டர் இரண்டு படத்தையும் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, குமிழ்கள் இதில் சரியாகப் பொருந்தவில்லை, திரும்ப எடுக்கலாம் என்றார். எடுத்தார்கள். ஓரம் பழையபடி கூர்மையாகத்தான் இருந்தது.